எட்டரை அடி மரவட்டை



பால்மர நிரைகளில் மட்கும் சருகுகளுக்கிடையே மரவட்டை ஊர்வதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். தொட்டால் சுருண்டுகொள்ளும் அச்சிற்றுயிருக்கு, எட்டரை அடி நீளமும் ஏறத்தாழ 50 கிலோ எடையும் கொண்ட உறவினம் ஒன்று முற்காலத்தில் வாழ்ந்தது என்றால் வியப்பீர்கள் அல்லவா? அதற்கு அறிஞர்கள் இட்ட பெயர் ஆர்த்ரோபிளூரா என்பதாகும்.

2018 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்துக் கடற்கரையில், குன்றிலிருந்து விழுந்த பெருங்கல் ஒன்று பிளந்து கிடந்தது. அவ்வழியே சென்ற ஆய்வாளர் ஒருவர், அதனுள் இவ்வுயிரின் மேலோட்டைத் தற்செயலாகக் கண்டார். கல்லில் இருந்த பகுதி மட்டுமே 76 செண்டிமீட்டர் நீளம். அதைக் கொண்டே முழு உடலையும் கணித்தனர். அது வாழ்ந்த காலம் ஏறத்தாழ 32 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அன்று இங்கிலாந்து பூமத்திய ரேகையை ஒட்டி, நம் நாட்டைப் போல் வெப்பமாக இருந்தது.

இவ்வுயிர்கள் இத்துணைப் பெரிதாக வளர்ந்தது எவ்வாறு? மரவட்டைக்கும் தும்பிக்கும் நுரையீரல் இல்லை. உடலின் பக்கத்துளைகள் வழியே காற்று நுழைந்து, நுண்குழாய்களால் உள்ளே பரவுகிறது. உடல் பெருத்தால் காற்று உட்சென்று சேர்வது கடினம். இன்று காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. நிலக்கரிக் காடுகள் செழித்த காலத்தில் அது 30 பங்கு அளவுக்கு உயர்ந்தது என்பர். பிரான்சு நாட்டுக் கொமந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் 1880 ஆம் ஆண்டு கிடைத்த மெகனியூரா என்னும் தும்பியினத்துப் பூச்சியின் சிறகு விரிப்பு இரண்டடிக்கும் மேல். ஆகவே, மிகுந்த பிராணவாயுவே பேருருவுக்குக் காரணம் என்று நெடுநாள் கருதினர்.

ஆனால், நார்த்தம்பர்லாந்துக் கல் அக்கருத்தை அசைத்துவிட்டது. பிராணவாயு உச்சம் தொடுவதற்கு முன்பே அவ்வுயிர் எட்டரை அடி வளர்ந்திருந்ததே! சருகுகளிடையே கிடைத்த கொட்டை, விதை போன்ற சத்துள்ள உணவும் ஒரு காரணமாகலாம் என்று 2021 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எழுதினர். காற்றின் கணக்கு முற்றும் தள்ளப்படவில்லை. அது மட்டுமே காரணம் என்னும் எண்ணமே தளர்ந்தது.

அதன் தலை எப்படியிருந்தது என்பதும் நூறாண்டுக்கு மேலாகப் புதிராகவே இருந்தது. பிரான்சில் கிடைத்த குட்டிகளின் படிவங்களை ஊடுகதிரால் ஆராய்ந்து, 2024 ஆம் ஆண்டில்தான் அதனை அறிந்தனர். மரவட்டைக்குரிய கூறுகளும் பூரானுக்குரிய கூறுகளும் அத்தலையில் ஒருங்கே காணப்பட்டன.

பெருமக்களே! கற்றறிந்தோரும் தம் முடிவை மீண்டும் கேள்விக்கு உட்படுத்துகின்றனர். அறிவு வளர்வது இவ்வழியில்தான். உங்கள் பிள்ளை ஒரு மரவட்டையைக் காட்டி, "இதற்கு ஏன் இத்தனை கால்கள்?" என்று வினவினால், "வேலையைப் பார்" என்று வாயடைத்துவிடாதீர்கள். விடை தெரியாவிடில், ஆசிரியரிடம் கேட்டுவந்து உங்களுக்கும் சொல்லுமாறு பணியுங்கள். வீட்டில் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, பள்ளியிலும் அஞ்சாமல் கேட்கும்.