கலாநிதிப் படிப்பின் தராதரம்
(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



"எந்தப் பல்கலைக்கழகம் முதலாவது?" என்று கேட்டே நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கு மனுச் செய்கின்றனர். கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயப் புகுவோருக்கு அக்கேள்வி போதுமா என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

வரிசைப்படுத்தும் வழக்கம் புதியதன்று. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரேமண்ட் ஹியூஸ் என்பார், அறிஞர்தம் அபிப்பிராயத்தைக் கேட்டு உயர்பட்டத் துறைகளைத் தரம் பிரித்தார். அபிப்பிராயமோ பெரும்பாலும் பழம்புகழின் நிழல். ஆகவே பின்வந்தோர் கணக்குகளை நாடினர். அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 5,000க்கு மேற்பட்ட கலாநிதிப் படிப்புகளை அளந்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. ஆசிரியரின் வெளியீடுகள், மாணவருக்கான உதவிப்பணம், பட்டம் பெறச் செல்லும் காலம் முதலியன எடை போடப்பட்டன. எனினும் ஒற்றை இடத்தைச் சொல்லாமல், இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை என்றே அது வகுத்தது. எதற்கு எவ்வளவு எடை என்பதை மாற்றினால் வரிசையும் மாறுமன்றோ?

நம் நாட்டுச் சான்று ஒன்று கூறுவேன். பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் கலாநிதி ஆய்வுக்குச் சென்ற பர்மிங்காம், தமிழுக்குப் பேர்போன இடமன்று. ஆனால் அங்கே கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன் இருந்தார். கிரேக்க இலக்கியத்தோடு ஒப்பிட்டுத் தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்த கைலாசபதியின் நூலை ஒக்ஸ்போர்ட் அச்சகம் 1968இல் வெளியிட்டது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து சிவத்தம்பி 1970இல் பட்டம் பெற்றார். தமிழ்த்துறைகளின் வரிசையைப் பார்த்துப் புறப்பட்டிருந்தால் இருவரும் அங்கே போயிருப்பரா?

கொட்டியாரக் குடாவைக் கடக்கப் படகேறுபவர் அதன் வர்ணத்தைப் பார்ப்பதில்லை. ஓட்டியையும் இயந்திரத்தையும் பார்க்கிறார். அவ்வாறே நீங்களும் கேளுங்கள்: என் பொருளில் வழிகாட்ட வல்லவர் யார்? அவரிடம் சேர்ந்தோர் எத்தனை பேர், முடித்தோர் எத்தனை பேர்? எத்தனை ஆண்டு சென்றது? நூல்நிலையமும் ஆய்வுகூடமும் உண்டா? படிக்குங் காலத்தில் சாப்பாட்டுக்கு வழி என்ன? முடித்தோர் இன்று எங்கே? பெற்றோரும் இவற்றை விசாரித்த பின்னரே காணியை ஈடு வைக்கத் துணியவேண்டும்.

பட்டத்தை நாடாமல் நெடுங்காலம் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலைத் தந்தார் சுவாமி விபுலானந்தர். ஆராய்ச்சியின் தராதரம் முடிவில் ஆராய்ந்த பொருளிலேயே தெரியும் என்பதற்கு அது சாட்சி. வரிசைப் பட்டியலைப் பாருங்கள். அதனைக் குருவாகக் கொள்ளாதீர்கள்.