மலிவுக் காலத் தக்காளியில் வீட்டிலேயே சாஸ்

(ஒரகடம் வட்டார உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



2023-ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று. சென்னை நியாயவிலைக் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வேறு மாதங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் வயலிலேயே விட்டுவிடுகிறோம். விலை ஏறும் நாளுக்குப் பழம் காத்திருக்காது, சாஸ் காத்திருக்கும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகளைச் சுற்றியுள்ள சிற்றுண்டிக் கடைகளில் அன்றாடம் அது செலவாகிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ சாஸுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பழம் வேண்டும். பழம் கிலோ 5 ரூபாயானால் பழச்செலவு 22 ரூபாய் 50 காசு. 40 ரூபாயானால் 180 ரூபாய். ஆகவே மலிவுக் காலத்தில் மட்டும் சாஸ் செய்யுங்கள். விலையுள்ள நாளில் பழமாகவே விற்றுவிடுங்கள்.

தேவையான பொருட்கள்: தக்காளிச் சாறு 3 லிட்டர், சர்க்கரை 225 கிராம், உப்பு 30 கிராம், நறுக்கிய வெங்காயம் 150 கிராம், இஞ்சி 30 கிராம், பூண்டு 15 கிராம், மிளகாய்த்தூள் 15 கிராம், மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, ஏலம் ஆகியவற்றின் பொடி மொத்தம் 30 கிராம், வினிகர் 75 மி.லி.

செய்முறை: நன்கு சிவந்த பழங்களையே எடுக்கவும். பச்சை கலந்தால் சாஸ் பழுப்பாகும். பூசணம் பிடித்த, அழுகிய பழம் ஒன்றுகூடச் சேரக்கூடாது. பழங்களைக் கழுவி, நறுக்கி, வேகவைத்து, சல்லடையில் மசித்துத் தோலையும் விதையையும் நீக்குக. எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் மசாலாவிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து சாஸைக் கறுக்கச் செய்யும்.

வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், மசாலாப் பொடி ஆகியவற்றைத் துணியில் தளர்வாக முடிந்து சாற்றில் போடவும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 75 கிராமை, முதலிலேயே சேர்த்தால் நிறம் நிலைக்கும். அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, சாறு பாதிக்கும் கீழ் வற்றியதும் மூட்டையைப் பிழிந்து எடுத்துவிடுக. மீதிச் சர்க்கரையும் உப்பும் சேர்த்து மூன்றில் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சவும். ஒரு துளியைத் தட்டில் விட்டால் சுற்றிலும் நீர் பிரியக்கூடாது, அதுவே பதம். பின்னர் வினிகர் சேர்க்கவும்.

பாதுகாக்கும் மருந்தான சோடியம் பென்சோயேட்டை ஒருபோதும் கண்ணளவில் போடாதீர்கள். உணவுக்கான தரத்தில் வாங்கி, 5 கிராமைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, கரைசல் 100 மி.லி. வருமாறு செய்துகொள்ளுங்கள். ஒரு கிலோ சாஸுக்கு இதில் 5 மி.லி. போதும்; அதில் கால் கிராம் மருந்து உள்ளது.

அரை மணி நேரம் கொதிநீரில் வைத்தெடுத்த கண்ணாடிப் புட்டிகளில் சூடாகவே ஊற்றி மூடுக. பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, புட்டிகளை நிறுத்தி, 85 முதல் 90 டிகிரி வெப்பமுள்ள நீரில் 30 நிமிடம் வைக்கவும். எடுத்துப் பலகைமேல் ஆறவிடுக. ஈரத் தரையில் வைத்தால் புட்டி விரிசல் விடும். செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

இறுதியாக ஒன்று. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் விடுதி உணவை உண்ட பெண் தொழிலாளர்கள் 150 பேருக்கு மேல் நோயுற்றதையும், நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததையும் அறிவீர்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நம்மை நம்பி உண்கிறார்கள். நுரைத்த, வாயு எழுந்த, பூசணம் கண்ட புட்டியை மறுபடி காய்ச்சி விற்க எண்ணாமல் கொட்டிவிடுங்கள். விற்பதாயின், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி முதலில் பதிவு பெறுங்கள். பயிற்சி பற்றிக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம்.

முதல் தடவை 3 லிட்டர் சாற்றோடு தொடங்குங்கள். அந்தப் புட்டிகளை வீட்டுக்கே வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கெடாமல் நின்ற பிறகு கடைக்காரரிடம் பேசுங்கள்.