சோற்றுப் புகார் என்று சிரித்தார்கள்



குழாயில் தண்ணீர் இல்லை, ரேஷன் அரிசியில் புழு நெளிகிறது என்று ஏழைகள் நாலு பேர் கூடிக் குரல் கொடுத்தால், "தேசம் எங்கே, உங்கள் வயிறு எங்கே?" என்று ஏளனம் பேசும் மேதாவிகள் எக்காலத்திலும் உண்டு. அவர்களோடு நான் வேதாந்தம் பேசப் போவதில்லை. பம்பாயின் இந்த மாதுங்காவிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய கொலாபாவைச் சுட்டிக்காட்டப் போகிறேன்.

1946ஆம் வருஷம் பிப்ரவரி 18ஆம் தேதி, கொலாபாவிலிருந்த 'தல்வார்' என்னும் கடற்படைப் பயிற்சி நிலையத்தில், வேகாத சோற்றையும் கல் கிடந்த பருப்பையும் இனித் தொடமாட்டோம் என்று இந்திய மாலுமிகள் காலைச் சாப்பாட்டை மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆரம்பம் அவ்வளவுதான்! ஆனால் அந்தப் பருப்புக்குப் பின்னால், வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம் நமக்கு ஒரு சம்பளம் என்ற அவமானம் இருந்தது. நிலையத்துச் சுவரில் 'ஜெய் ஹிந்த்' என்று எழுதியதற்காகச் சிறைப்பட்ட மாலுமி பி. சி. தத் இருந்தார், மனிதனை மனிதன் சொல்லக் கூசும் வசைகளால் மாலுமிகளைத் திட்டிய நிலையத் தலைவர் கமாண்டர் கிங் இருந்தார், அந்த வசைகளைப் பற்றி முறைப்படி எழுதிக் கொடுத்த புகார்களுக்குப் பரிகாரம் கிடைக்காத கசப்பும் இருந்தது. பருப்பைப் பற்றிய புகாரைப் பருப்பளவில் தீர்த்திருந்தால் அது அன்றே அடங்கியிருக்கும். அலட்சியத்தால் அதை ராஜாங்க விஷயமாக்கியவர்கள் அந்த அதிகாரிகளேயன்றி வேறு யாருமில்லை.

விசேஷம் ஒன்று கேளுங்கள். தல்வார், சமிக்ஞை கற்றுக்கொடுக்கும் நிலையம். அங்கிருந்தவர்கள் கம்பியில்லாத் தந்தியைக் கையாளத் தெரிந்த இளைஞர்கள். எந்தச் சாம்ராஜ்யம் தன் உத்தரவுகளைக் கடல் கடந்து அனுப்புவதற்காக அந்த வித்தையை அவர்களுக்குக் கற்பித்ததோ, அந்தச் சாம்ராஜ்யத்துக்கு எதிரான செய்தி அதே வித்தையால் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. கராச்சி எழுந்தது, கல்கத்தா எழுந்தது, நம் சென்னையில் 'அடையாறு' நிலையமும் எழுந்தது. சில தினங்களுக்குள் 78 கப்பல்கள், கரையில் 20 நிலையங்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள்! காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றும் ஒரே நேரத்தில் கப்பல்களில் பறந்தன. நல்ல உணவு வேண்டும் என்ற அதே கோரிக்கைத் தாளில், இந்திய தேசிய ராணுவத்தாரை விடுதலை செய், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படையைத் திரும்ப அழை என்ற வாசகங்களும் இடம்பெற்றன. வயிறு எங்கே, தேசம் எங்கே என்று கேட்பவர்கள் அந்தத் தாளைப் படித்துப் பார்க்கட்டும்.

'கடற்படையே அழிந்தாலும் சரி, அடக்கியே தீருவோம்' என்று கடற்படைத் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரே ரேடியோவில் மிரட்டியபோது பம்பாய் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சர்க்கார் பட்டினியால் பணிய வைக்கப் பார்த்த மாலுமிகளுக்கு, கேட்வே ஆஃப் இந்தியா கரையில், துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, பழமும் ரொட்டியும் தண்ணீர்க் குடமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்றார்கள் கடைக்காரர்கள். 22ஆம் தேதி கம்யூனிஸ்டுக் கட்சியின் அழைப்பை ஏற்று மில்கள் நின்றன. தெருவுக்கு வந்த தொழிலாளர்மீது ராணுவம் சுட்டதில் 200க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

இதனால்தான் வெள்ளையன் வெளியேறினான் என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். சுதந்திரம் பற்றிப் பேசப் பிரிட்டிஷ் மந்திரிகள் தூதுக்குழு வரும் என்ற அறிவிப்பு 19ஆம் தேதியே வெளிவந்துவிட்டது. ஆனால் தன் கையிலுள்ள ஆயுதம் தன்னுடையதல்ல என்பதைச் சர்க்கார் அந்த வாரத்தில் கண்ணாரக் கண்டது.

நம் தலைவர்கள்? காந்தியடிகள் இந்த எழுச்சியை ஆதரிக்கவில்லை. சரணடையுங்கள், பழிவாங்கல் நேராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று சர்தார் பட்டேல் சொல்லி அனுப்பினார். அருணா ஆசப் அலி போன்ற ஒரு சிலரே மாலுமிகள் பக்கம் நின்றார்கள். பிரிட்டனிடம் அல்ல, இந்தியாவிடமே சரணடைகிறோம் என்று அறிவித்து 23ஆம் தேதி மாலுமிகள் பணிந்தார்கள். பின்பு நடந்தது என்ன? கைது செய்தார்கள், சிறையில் தள்ளினார்கள், வேலையிலிருந்து நீக்கினார்கள். சுதந்திர இந்தியாவின் கடற்படையும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. பாகிஸ்தானின் கடற்படையும் சேர்க்கவில்லை.

ஆகவே தோழர்களே, உங்கள் போராட்டம் வளர்ந்தபின் அதை முடித்துவைக்க எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் மரியாதையோடு உட்கார வையுங்கள். அவர் தரும் வாக்கை எழுத்தில் கேளுங்கள். கையெழுத்தாகும் வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்!