பக்கத்து வீட்டு ஓடு



துரியோதனன் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டவர்கள் இந்திரப்பிரஸ்தத்தில் மண்டபம் கட்டினார்கள். அதைப் பார்க்கப் போனான். தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்தான். அவனுக்கு என்ன குறை? அஸ்தினாபுரத்து அரண்மனை இருந்தது. தம்பிகள் நூறு பேருக்கு ஒருவர்தான் குறைவு. ஆனாலும் அவனுக்கு நிம்மதி போயிற்று. அந்தப் பொறாமை அவனோடு நிற்கவில்லை. நாடே போருக்குப் போயிற்று.

நாம் ராஜாக்கள் இல்லை. நமக்கு மண்டபம் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் ஓடு மாற்றினால் போதும். வயிறு எரிகிறது. சிரிக்காதீர்கள். என் கதையையே சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்குத் தொகுப்பு வீடு கிடைத்தது. கணவனை இழந்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகள். எங்கள் வீடும் ஒழுகும் வீடுதான். ஒருநாள் இரவு நாலு பேர் வந்தார்கள். "நீதானே படித்தவன். ஒரு மனு எழுது" என்றார்கள். எழுதினேன். அந்த அம்மாவுக்கு நிலம் இருக்கிறது, பொய் சொல்லி வீடு வாங்கிவிட்டார் என்று எழுதினேன். அவருக்கு நிலம் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். கீழே யாரும் கையெழுத்துப் போடவில்லை. மொட்டைக் கடிதம்.

விசாரணை வந்தது. அஸ்திவாரத்தோடு வேலை நின்றது. இரண்டு மழைக்காலம் அவர் பிள்ளைகளோடு கீற்றுக் கொட்டகையில் நனைந்தார். எங்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு ஓடுகூடக் கிடைக்கவில்லை. இதில் ஒன்று கேளுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால், "அண்ணே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று என்னிடம்தான் வருவார்.

சரி, தப்பு நடந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அப்படிச் சொல்லவில்லை. கணக்குக் கேட்பவரைப் பார்த்து, "உனக்குப் பொறாமை" என்று சொல்லி அடக்குவார்கள். அதற்கும் ஏமாறக் கூடாது.

ராஜஸ்தானில் வறட்சி அதிகம். அங்கே அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. குளம் வெட்டினார்கள், ரோடு போட்டார்கள். சட்டப்படியான கூலி கைக்கு வரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன நடக்கும்? "அவன் ஆளுக்கு வேண்டியவன், அவனுக்கு முழுக்கூலி" என்று ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வரும். 1990ல் அங்கே 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன்' என்ற சங்கம் தோன்றியது. அவர்கள் மஸ்டர் ரோலைக் கேட்டார்கள். யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி என்று எழுதும் பதிவேடு அது.

1994 டிசம்பரில், அன்றைய பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கணக்கை ஊர் முன்னால் சத்தமாகப் படித்தார்கள். பிறகு பல ஊர்களிலும் இப்படி நடந்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி. செத்துப்போனவர் பெயரிலும் கூலி! கூலியாட்கள் எழுந்து நின்று, தங்கள் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னார்கள். பணம் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை என்பது தெரிந்தது.

இந்தப் போராட்டம் நாடு முழுவதும் பரவியது. 2005ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசு அலுவலகத்தில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். மொட்டைக் கடிதத்துக்கு இங்கே இடம் இல்லை.

"அவளுக்கு ஏன் கிடைத்தது?" என்று இரவில் கேட்டோம். "பட்டியலை எப்படிப் போட்டீர்கள், என் பெயர் ஏன் இல்லை?" என்று பகலில் கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதிகாரியைக் கேட்பதைவிட அந்த அம்மாவை வெறுப்பது சுலபமாக இருந்தது.

பிறகு ஒரு கிராம சபையில் வீட்டுப் பட்டியல் படித்தார்கள். அன்று நான் எழுந்து, அந்தக் கடிதம் நான் எழுதியது என்று சொன்னேன். அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு கடிதம் எடுத்துக்கொண்டு என்னிடம் வரவும் இல்லை. அறிவொளி வகுப்பில் சேர்ந்துவிட்டார்.