தண்ட உதையும் துலாக்கோலும்



விளையாட்டில் வெற்றி கண்ட மாலையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை; ஆயினும் அப்பேச்சு விரைவில் ஓய்ந்துவிடும். தோல்வியுற்ற மாலையின் பேச்சோ மறுநாளும் தொடரும், மறுவாரமும் தொடரும். அத்தோல்வி சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், மயிரிழையில் நேர்ந்ததாயின், தேநீர்க்கடை வாங்கிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் அதன் எதிரொலி ஆண்டுக்கணக்கிற் கேட்டுக்கொண்டேயிருக்கும். "அந்த ஒரு பந்து உள்ளே போயிருந்தால்" என்பதே அந்த வாக்குவாதத்தின் பல்லவி. அப்படிப்பட்ட வாக்குவாதங்களுக்கெல்லாம் வற்றாத ஊற்றாய் விளங்குவது, உதைபந்தாட்டத்திலே தவறவிடப்படும் தண்ட உதை.

இன்று அத்தகைய வழக்கொன்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது நம் நாட்டு வழக்கன்று. ஜேர்மனியின் மியூனிக் நகரத்து வழக்கு. அயலார் வழக்கிலே நமக்குக் கட்சியில்லை. ஆதலால், நம்மூர் ஆட்டத்திற் காண முடியாத நியாயத்தை அங்கே சற்று அமைதியாகக் காணலாம்.

முதலில் தண்ட உதையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தின் ஆரம்ப காலத்தில் இவ்விதி இருக்கவில்லை. கோலுக்கு அருகிலே எதிரியை வேண்டுமென்றே வீழ்த்துவோருக்குத் தக்க தண்டனை வேண்டுமென்று வாதாடியவர், அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்து மில்போர்ட் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் மக்ரம். அவர் தாமே ஒரு கோல் காப்பாளர் என்பது வியப்புக்குரியது. 1891ஆம் ஆண்டில் அவருடைய யோசனை விதியாயிற்று. கோலிலிருந்து 12 யார், ஏறக்குறைய 11 மீற்றர் தூரத்திலே பந்து வைக்கப்படும். உதைப்பவர் ஒருவர், காப்பவர் ஒருவர், இடையில் வேறெவரும் இல்லை. பதினொருவர் கூடி ஆடும் ஆட்டம் ஒரு கணம் இருவர் ஆட்டமாகிவிடுகிறது. உயர்தர ஆட்டங்களிலே நான்கில் ஏறக்குறைய மூன்று தண்ட உதைகள் கோலாகின்றன. அவ்வாறாயின், நான்கில் ஒன்று தவறுவதும் ஆட்டத்தின் இயல்பே. ஆயினும், இரசிகருடைய மனம் இக்கணக்கை ஏற்பதில்லை. தண்ட உதை என்றால் கோல் என்றே அது முன்கூட்டி எழுதிவைத்துக்கொள்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான சம்பியன்ஸ் லீக் சுற்றுப்போட்டியின் 2012ஆம் ஆண்டு இறுதியாட்டம் மியூனிக் நகரில் நடைபெறும் என்பது 2009ஆம் ஆண்டிலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது. எந்த அணிகள் அங்கு வந்து சேரும் என்பதை அன்று யாரும் அறியார். இறுதியில், அந்நகரத்துக்கே உரிய பயேர்ண் மியூனிக் கழகம் தன் சொந்த மைதானத்தில் இறுதியாட்டம் ஆடும் பேற்றைப் பெற்றது. 'வீட்டிலே இறுதியாட்டம்' என்று பவேரிய மக்கள் தங்கள் வட்டார வழக்கிற் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர். எதிரணி இலண்டனைச் சேர்ந்த செல்சி.

2012 மே 19ஆந் திகதி இரவு அந்த ஆட்டம் நடைபெற்றது. ஆட்டத்தின் பெரும்பகுதியில் பந்து பயேர்ண் வீரரின் கால்களிலேயே உருண்டது. அவர்கள் பெற்ற மூலை உதைகள் 20. செல்சி பெற்றது ஒன்றே ஒன்று. 83ஆம் நிமிடத்தில் தோமஸ் முல்லர் தலையால் முட்டிக் கோல் போட்டார். கிண்ணம் கைக்கெட்டிவிட்டது என்று நகரமே ஆர்ப்பரித்தது. 88ஆம் நிமிடத்தில், தமக்குக் கிடைத்த அந்த ஒரேயொரு மூலை உதையிலிருந்து செல்சியின் டிடியே ட்ரொக்பா தலையால் முட்டி ஆட்டத்தைச் சமப்படுத்தினார். மேலதிக நேரம் வழங்கப்பட்டது. அதன் தொடக்கத்திலேயே, அதே ட்ரொக்பா தமது தண்ட எல்லைக்குள் பயேர்ணின் ப்ராங் ரிபெரியை வீழ்த்த, மத்தியஸ்தர் தண்ட உதையை வழங்கினார்.

பந்தை எடுத்து வைத்தவர் ஆர்யன் றொபன் என்னும் ஒல்லாந்தர். எதிரே நின்றவர் பெட்ர் செக். இருவரும் சில ஆண்டுகளுக்கு முன்னர் செல்சி அணியில் ஒன்றாய் ஆடியவர்கள். ஒருவர் வழக்கத்தை மற்றவர் நன்கறிவர். றொபன் உதைத்தார். செக் சரியான பக்கம் பாய்ந்து, பந்தைத் தடுத்து அணைத்துக்கொண்டார். மேலதிக நேரமும் சமநிலையில் முடிந்தது. பின்னர், வெற்றியைத் தீர்மானிக்கும் தண்ட உதைகளில் செல்சி 4க்கு 3 என்று வென்றது. பயேர்ணின் சார்பில் கடைசியாக உதைத்த பஸ்ரியன் ஷ்வைன்ஸ்டைகரின் பந்து கம்பத்திற் பட்டுத் திரும்பியது. ட்ரொக்பாவின் பந்து உள்ளே சென்றது. சொந்த மைதானத்தில், சொந்த மக்கள் முன்னிலையில், கிண்ணம் அயலார் கைக்குப் போயிற்று.

அன்றிரவே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அதில் எழக்கூடிய கட்சிகளை வகுத்துப் பார்ப்போம்.

முதற் கட்சியார் றொபனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவர். அவர்களுடைய வாதத்திற் சாரம் இல்லையென்று சொல்ல முடியாது. அதே ஆண்டு ஏப்ரில் 11ஆந் திகதி, டோட்மண்ட் அணியுடனான முக்கியமான லீக் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்திலும் றொபன் ஒரு தண்ட உதையைத் தவறவிட்டிருந்தார். பயேர்ண் 1க்கு 0 என்று தோற்றது. அவ்வாண்டின் ஜேர்மன் சம்பியன் பட்டமும் டோட்மண்டுக்கே போயிற்று. 'ஒரு மாதத்துக்கு முன் தவறியவர் மறுபடியும் பந்தை எடுக்கலாமா? தம்மை நன்கறிந்த காப்பாளர் எதிரே நிற்க, வேறொருவரிடம் விட்டிருக்கலாகாதா? முடிவைத் தீர்மானித்த ஐந்து உதைகளிலே அவர் பெயர் ஏன் இல்லை?' என்பன அவர்கள் வினாக்கள்.

இரண்டாங் கட்சியார் பயிற்றுநர் யுப் ஹைங்கெஸைச் சுட்டுவர். முல்லர் கோல் போட்ட சில நிமிடங்களுக்குள் அவரை வெளியே அழைத்துக்கொண்டு, காவல் வீரர் ஒருவரை உள்ளே அனுப்பினார் பயிற்றுநர். அடுத்த நிமிடமே சமநிலைக் கோல் விழுந்தது. கோலடிக்க வல்லவரை வெளியே இருத்திவிட்டு மேலதிக நேரம் ஆடும் நிலைமை உண்டாயிற்று என்பது அவர்கள் வாதம்.

மூன்றாங் கட்சியார் விதியை நொந்துகொள்வர். நாலாங் கட்சியாரோ எதிரணியின் திறமையை மெச்சுவர். இவர்கள் தொகை எங்கும் சிறிதே. ஆனால் உண்மைக்கு மிக அருகில் நிற்போர் இவர்களே என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றிரவு எதிர்கொண்ட ஆறு தண்ட உதைகளிலும் செக் சரியான பக்கமே பாய்ந்தார். அதனைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? 'றொபன் தவறவிட்டார்' என்று சொல்லும்போது 'செக் தடுத்தார்' என்னும் மற்றப் பாதியை நாம் விழுங்கிவிடுகிறோம்.

நேயர்களே, வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். உதைபந்தாட்டத்திலே கோல் உண்டு. நீதியிலும் ஒரு கோல் உண்டு, அது துலாக்கோல். முன்னைய கோலுக்காக ஆரவாரிக்கும் நாம் பின்னைய கோலைக் கையிலெடுக்க மறந்துவிடுகிறோம். அதனை இப்போது எடுத்துப் பார்ப்போம்.

ஒரு தட்டிலே தவறிய அந்த ஓர் உதை இருக்கட்டும். மறு தட்டில் வைக்க வேண்டியவை எவை? 20 மூலை உதைகள் பெற்றும் அவற்றில் ஒன்றையேனும் கோலாக்க இயலாமை. எதிரிக்குக் கிடைத்த ஒரே மூலை உதையிலே ட்ரொக்பாவைக் காக்கத் தவறியமை. ஒரு கோல் முன்னிலையை ஐந்து நிமிடம் பேண முடியாமை. முடிவு காணும் உதைகளிலே இவிட்சா ஒலிச்சும் ஷ்வைன்ஸ்டைகரும் தவறியமை. அந்த ஐந்து உதைகளில் மூன்றாவதை உதைத்தவர் கோல் காப்பாளர் மனுவல் நொயர். காப்பாளரே உதைக்க முன்வர நேர்ந்ததென்றால், அந்தக் கணத்தின் பாரம் மற்றவர்களை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. தண்ட உதையைத் தவறவிடக்கூடியவர் அதனை உதைக்க முன்வந்தவர் மட்டுமே. பின்னின்றவர் பெயர் எந்த வாக்குவாதத்திலும் அடிபடுவதில்லை. முன்வந்தவரை மட்டும் தண்டிக்கும் வழக்கம் வேரூன்றினால், அடுத்த முறை முன்வருவோர் யார்?

இன்னும் ஒன்றை அத்தட்டிலே வைத்தல் வேண்டும். அவ்வாண்டு ஏப்ரில் 25ஆந் திகதி, ஸ்பெயினின் மட்ரிட் நகரில் நடந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், ரியல் மட்ரிட் இரண்டு கோல்களால் முன்னின்றபோது, தண்ட உதையொன்றைக் கோலாக்கிப் பயேர்ணுக்கு உயிர் கொடுத்தவர் இதே றொபன். டோட்மண்டில் தவறவிட்டு இரண்டு வாரமே ஆகியிருந்தது. அன்று முடிவு காணும் உதைகளில் இறுதி உதையை உதைத்து அணியை இறுதியாட்டத்துக்கு அழைத்துச் சென்றவர் இதே ஷ்வைன்ஸ்டைகர். அவ்விருவர் கால்களும் மட்ரிட்டிலே தவறியிருந்தால், மியூனிக் மக்களுக்கு 'வீட்டிலே இறுதியாட்டம்' என்ற சொல்லே வாய்த்திராது. வாங்கிய வரத்தை மறந்து, தவறிய வரத்தை மட்டும் நினைவு வைத்தல் மனித இயல்புதான். ஆயினும் அதனை நீதியென்று சொல்ல முடியாது.

அதன்பின் நிகழ்ந்ததே இவ்வழக்கின் வருந்தத்தக்க பகுதி. மூன்றே நாள் கழித்து, மே 22ஆந் திகதி, அதே மைதானத்தில் பயேர்ணுக்கும் நெதர்லாந்து தேசிய அணிக்கும் இடையே ஒரு நட்பு ஆட்டம் நடைபெற்றது. முன்னரே ஒழுங்கு செய்யப்பட்ட ஆட்டம் அது. 2010 உலகக் கிண்ணப் போட்டிகளின் பின் றொபன் காயத்தினால் நெடுநாள் ஆடமுடியாது போனமைக்கு ஈடாகப் பயேர்ண் கழகத்துக்கு அளிக்கப்பட்டது. றொபன் தம் தாய்நாட்டுச் சீருடையில் களமிறங்கினார். அவருடைய காலிற் பந்து பட்டபோதெல்லாம் பயேர்ண் இரசிகர் பலர் சீழ்க்கையடித்து அவமதித்தனர். தம் கழகத்து வீரரை, தம் மைதானத்தில், தம் மக்களே!

இரசிகருக்குக் குறைகூற உரிமையில்லை என்று நான் சொல்லவில்லை. உழைத்த பணத்தைக் கொடுத்து, மழையிலும் குளிரிலும் நின்று, தம் அணியைத் தம் வீட்டாரைப் போல நேசிப்பவர்கள் அவர்கள். வாக்குவாதமும் அந்த நேசத்தின் ஒரு வடிவமே. நேசமில்லாதவன் தோல்வியைப் பற்றி இரண்டு நிமிடங்கூடப் பேசமாட்டான். 'அந்த உதையை வேறொருவர் உதைத்திருக்க வேண்டும்' என்பது விமர்சனம். அதற்கு மறுமொழி கூறலாம், ஏற்கலாம், மறுக்கலாம். சீழ்க்கைக்கு மறுமொழி ஏது? விமர்சனம் செயலை எடைபோடுகிறது. வசை ஆளையே வெளியே தள்ளுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைத் தாண்டாதிருப்பதே நல்ல இரசிகரின் பண்பு.

றொபன் கழகத்தை விட்டு ஓடிவிடவில்லை. அடுத்த ஆண்டு, 2013 மே 25ஆந் திகதி, இலண்டன் வெம்பிளி மைதானத்தில் அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்திலே பயேர்ண் டோட்மண்டை எதிர்த்தது. முதலாவது கோலுக்கு மரியோ மண்ட்சுக்கிச்சுக்குப் பந்தை வழங்கியவர் றொபன். ஆட்டம் 1க்கு 1 என்று நிற்க, 89ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலைப் போட்டவரும் றொபனே. முன்னைய ஆண்டு பழி சுமந்த ஹைங்கெஸே அன்றும் பயிற்றுநர். சீழ்க்கையடித்த வாய்கள் அன்று அவர்கள் பெயரைப் பாடின. 2019 வரை றொபன் அக்கழகத்திலேயே ஆடினார்.

கதை இவ்வாறு இனிதே முடிந்ததால் சீழ்க்கை நியாயமாகிவிடாது. 2013இல் அந்தப் பந்தும் வெளியே போயிருக்கலாம். அப்போதும் அவர் மதிக்கத்தக்கவரே. வென்று காட்டிய பின்னரே மன்னிப்பு என்றால், அதன் பெயர் மன்னிப்பன்று, வியாபாரம்.

அதே வெம்பிளியில் வேறொரு காட்சியையும் உலகம் கண்டது. 2021 ஜூலை 11ஆந் திகதி ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்து, தன் சொந்த மண்ணில், இத்தாலியிடம் தண்ட உதைகளிலே தோற்றது. தவறவிட்ட மூவரும் கறுப்பின இளைஞர்கள். கடைசியாக உதைத்த புகாயோ சாக்காவுக்கு வயது 19. அவர்கள்மீது இனவெறி வசை பொழியப்பட்டது. ஆயினும், மன்செஸ்டரின் விதிங்டன் பகுதியிலே, மூவரில் ஒருவரான மார்க்கஸ் ரஷ்போர்டின் சுவரோவியம் சிதைக்கப்பட்டபோது, அயலவர்கள் திரண்டு வந்து அன்பு மொழிகள் எழுதிய துண்டுகளால் அச்சுவரை மூடினர். அவற்றுள் சிறுவர் எழுதியவை பல. அன்று சாக்காவை அணைத்துத் தேற்றிய பயிற்றுநர் கரெத் சவுத்கேற்றும், 1996இல் அதே வெம்பிளியில், ஜேர்மனிக்கு எதிரான அரையிறுதியிலே தண்ட உதையைத் தவறவிட்டவர்தாம். அந்தப் பாரம் எத்தகையதென்பதை அவர் பிறர் சொல்லி அறிய வேண்டியிருக்கவில்லை.

நேயர்களே, மியூனிக்கும் வெம்பிளியும் நமக்குத் தூரம். நம் பாடசாலை மைதானங்கள் தூரமல்ல. பாடசாலைகளுக்கிடையிலான ஆட்டமொன்றிலே பதினாறு வயதுப் பையன் ஒருவன் தண்ட உதையைத் தவறவிடுகிறான். மறுநாட் காலை, அதே சீருடையில், அதே வாயிலால் அவன் உள்ளே வர வேண்டும். வகுப்பிலே அவனுக்கு என்ன பெயர் காத்திருக்கிறது? பழைய மாணவர் அவனைப் பார்த்து என்ன சொல்வர்? வீட்டில் அவன் தந்தையார் என்ன சொல்வார்? றொபனுக்கு மறுபடியும் ஓர் இறுதியாட்டம் வாய்த்தது. இந்தப் பையனுக்கு அது வாய்க்காமற் போகலாம். அவன் பாடசாலை வாழ்வின் கடைசி உதையாகவே அது அமைந்துவிடலாம். ஆகவே, அவனுக்கு நாம் அளிக்கும் தீர்ப்பு பெரிய மைதானங்களின் தீர்ப்பினும் பொறுப்பு மிக்கது.

ஆட்டத்தைப் பற்றி வாதாடுங்கள். இரவு விடியும்வரை வாதாடுங்கள். உதையின் திசை சரியா, பயிற்றுநர் செய்த மாற்றம் முறையா என்று கணக்குப் பாருங்கள். அந்த வாதத்திலே தவறிய உதையோடு தவறிய மூலை உதைகளையும், பின்னின்ற கால்களையும், எதிரணிக் காப்பாளரின் கைகளையும் சேர்த்தே நிறுங்கள். பின்னர், மறுநாட் காலை அந்தப் பையனைக் காணும்போது அவன் தோளிலே கைவைத்து, அடுத்த ஆட்டம் எப்போதென்று கேளுங்கள்.