பாதிப் படிப்பு எங்களுடையது
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். இடைவேளை மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் தனியே போய் நிற்பாள். வளவில் நின்ற மரங்கள் எல்லாவற்றினதும் தாவரவியற் பெயர்கள் அவளுக்குத் தெரியும். பகிடி மட்டும் விளங்காது. நாங்கள் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். சாதாரண தரத்துக்குப் பிறகு அவள் வரவில்லை. ஏன் என்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை.

அவளுக்கு ஓட்டிசம் இருந்ததென்று இன்று நாங்கள் சொல்ல வரவில்லை. பரிசோதிக்காமல் பெயர் சூட்டுவது மருத்துவமல்ல. ஆனால், அவளைப் போன்ற பிள்ளைகளை இன்று மருத்துவர்களாக நாங்கள் நாளாந்தம் சந்திக்கிறோம்.

ஓட்டிசம் வளர்ப்பின் பிழையல்ல. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. "டொக்டர், பிள்ளை முகம் பார்த்துக் கதைக்கிறதில்லை. அதை முதலில் திருத்தித் தாங்கோ" என்பார்கள் பெற்றோர். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவதைக் கவனிக்க முடிவதில்லை என்று ஓட்டிசம் உள்ள பலர் சொல்கிறார்கள். ஆகவே நாங்கள் முதலில் பழக்க விரும்புவது வேறு: விளையாட்டில் சேரக் கேட்பது, உதவி கேட்பது, பிடிக்காததற்கு 'வேண்டாம்' என்பது, யாரும் துன்புறுத்தினால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது. இவை அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

இதற்குச் சிறிய கதைகள் உதவும். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய முறை அது. "கன்ரீனில் வரிசை இருக்கும். என் முறை வரும்வரை காத்திருப்பேன். சத்தம் தாங்கமுடியாவிட்டால் ரீச்சரிடம் சொல்லலாம்" என்று நம் தமிழிலேயே எழுதிப் படமும் கீறிக் கொடுக்கலாம்.

பெண் பிள்ளைகளிற் சிலர் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளிப்பார்கள். பாடசாலையில் 'நல்ல பிள்ளை'. வீட்டுக்கு வந்ததும் களைத்து அழுவார்கள். நடிக்கப் பழக்குவது உதவியல்ல என்பதை நாங்கள் இவர்களிடமே கற்றோம்.

டேமியன் மில்டன் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் தாமும் ஓட்டிசம் உள்ளவர். விளங்காமை இரு பக்கத்திலும் உண்டு என்று அவர் 2012இல் எழுதினார். அவர்களுக்கு எங்களை விளங்காதது போலவே எங்களுக்கும் அவர்களை விளங்குவதில்லை. எனவே பாதிப் படிப்பு எங்களுடையது. சொல்வதை நேராகச் சொல்வோம். நேரசூசி மாறினால் முன்கூட்டியே அறிவிப்போம். விளையாட்டுப் போட்டி நாளில் இரைச்சல் இல்லாத ஓர் அறையை ஒதுக்குவோம். இதற்குப் பெரிய செலவில்லை.

தங்கைமாரே, இன்றும் அந்த மரத்தடியில் ஒருத்தி நிற்கக்கூடும். அருகில் போய் மரத்தின் பெயரைக் கேளுங்கள். தனியே நிற்பது அவள் விருப்பமென்றால் நிற்க விடுங்கள். விருப்பந்தானா என்பதை மட்டும் கேட்டறியுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.