விடை கிடைத்தால் விளங்கிவிட்டதாகுமா?



செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, அறிவியல் என்ற சொல்லுக்கு நாம் கொண்டிருக்கும் பொருளே மாறிவிடுமா? இதுதான் இன்றைய கேள்வி. ஓர் உதாரணத்தோடு தொடங்குகிறேன்.

நம் இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை போன்றது. அது மடங்கி உரிய வடிவம் பெற்றால்தான் தன் வேலையைச் செய்யும். ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிய மேக்ஸ் பெருட்ஸ் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1962ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

2020ல் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு, பல புரதங்களின் வடிவத்தை ஆய்வுக்கூட முடிவுகளுக்கு இணையாகக் கணித்துக் காட்டியது. 2022க்குள் அது கணித்த வடிவங்கள் 20 கோடியைத் தாண்டின. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பெரும் சாதனைதான். ஆனால், அந்த மாலை எந்த வழியில் மடங்குகிறது, ஏன் அப்படி மடங்குகிறது என்று அது விளக்கியதா? இல்லை. மடங்கி முடிந்த வடிவத்தைக் காட்டியது, அவ்வளவுதான்.

1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்ததை எண்ணிப் பாருங்கள். அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, மாலை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு வரைபடமாகத் தந்தார்கள். அதில் காரணம் இருக்கிறது. ஒரு மாணவரே அதைச் சரிபார்க்கலாம். இயந்திரம் கணித்துத் தரும் வடிவங்களையும் இன்று அந்த வரைபடத்தில் வைத்து உரசிப் பார்க்கிறார்கள்.

அதற்காக இயந்திரத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. மருந்து தேடுவோருக்கு விடை விரைவாகக் கிடைப்பது நல்லதே. ஆனால், அந்த இயந்திரம் பாடம் கற்றதே மனிதர்கள் பல்லாண்டு பாடுபட்டுக் கண்ட வடிவங்களிலிருந்துதான். விடைதான் வந்துவிட்டதே, காரணம் எதற்கு என்று நாம் நின்றுவிட்டால், இயந்திரம் தவறும் நாளில் அதைத் தவறென்று சொல்ல ஆள் இருக்காது.

பெற்றோர்களே, கணினியிடம் கேட்டு வீட்டுப்பாடத்தை முடித்த பிள்ளையிடம், "விடை சரியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஏன் சரி?" என்றும் கேளுங்கள். அறிவியல் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.